ரோவர் பனோரமாவை மேலிருந்து பார்க்கும் வரைபடமாக்குவது: பர்கேட்டரி மணல் அலைகள் ஏன் வில்லாக வளைகின்றன?

செம்மண்புழுதி · #1

எல்லாருக்கும் வணக்கம். நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 2005 ஏப்ரல் 26 அன்று செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் ஒரு மணல் அலைக்குள் ஆறு சக்கரமும் புதைந்து நின்றது. பிறகு அந்த இடத்துக்கு பர்கேட்டரி என்று பெயர் வைத்தார்கள். அலையின் உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் இரண்டரை மீட்டர். ஜூன் 4 வரைக்கும் வெளியே வர முடியவில்லை. அப்படி நின்ற நாட்களில், மே மாதம், சுற்றிலும் பான்கேம் என்ற ரோவர் கேமராவால் எடுத்த பனோரமாதான் "ரப் அல் காலி". அரேபியப் பாலைவனத்தின் பெயர். நான் முதல்முதலில் பெரிய திரையில் பார்த்த செவ்வாய்ப் படம் அதுதான். இன்றைக்கும் என் கணினியின் பின்னணியில் அதுவே இருக்கிறது.

அந்த இடத்தை நேர் மேலே இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரைபடம் செய்ய ஆசை. செய்து முடித்தால் செவ்வாயைச் சுற்றும் கலனின் ஹைரைஸ் கேமரா எடுத்த படத்தின் மேல் வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். பனோரமாவை இறக்கி, ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் "போலார் கோஆர்டினேட்ஸ்" ஃபில்டரைப் போட்டேன். வட்டமாக வந்தது, பார்க்கவும் அழகுதான். ஆனால் அந்தச் சமவெளியில் மணல் அலைகள் கிட்டத்தட்ட வடக்குத் தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுபவை. என் படத்தில் ஒவ்வொன்றும் வில்லாக வளைந்து, வட்டத்தின் ஓரத்தில் போய் நெருக்கியடித்து நிற்கின்றன. எங்கே தப்பு?

---

பைத்தான்பிரியா · #2

தப்பு ஃபில்டரில் இல்லை, அது வேறு வேலைக்கு உண்டானது. அந்த ஃபில்டர் கோணத்தை அப்படியே ஆரமாக எடுத்துக்கொள்ளும். காலடி மையம், தொடுவானம் வெளி வட்டம், நடுவில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே அளவு இடம். நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் இந்த ரோவர்களின் படங்களை ஒட்டும்போது இரண்டு வகையுமே தயாரித்தார்கள். இதை போலார் என்பார்கள், நீ கேட்பதை வெர்ட்டிகல் என்பார்கள். போலாரில் தொடுவானம் முழு வட்டமாகத் தெரியும், தொலைவில் இருக்கும் மேடு பள்ளங்களின் திசையைப் பார்க்க அது நல்லது. ஆனால் அதில் ஸ்கேலை வைத்து எதையும் அளக்க முடியாது.

வெர்ட்டிகலுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலை இறக்கக்கோணத்தில் பார்க்கிற கணக்கு ஞாபகம் இருக்கிறதா? தூரம் என்பது உயரத்தை டேன் தீட்டாவால் வகுத்தது. இங்கே கலங்கரை விளக்கம் ரோவரின் மாஸ்ட், அதாவது கேமராவைத் தாங்கும் கம்பம், உயரம் சுமார் 1.5 மீட்டர். 10 மீட்டர் தள்ளி இருக்கும் மணல் 8.5° கீழே தெரியும். 30 மீட்டரில் இருப்பது 2.9°. 100 மீட்டரில் 0.86°தான். அதாவது 30 மீட்டரிலிருந்து தொடுவானம் வரைக்கும் உள்ள மொத்த நிலமும் உன் பனோரமாவில் 3 டிகிரிக்கும் குறைவான ஒரு பட்டைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நிரல் எழுதும்போது பனோரமாவிலிருந்து வரைபடத்துக்குப் போகாதே, ஓட்டை ஓட்டையாக வரும். வரைபடத்தின் காலிப் பிக்சலில் ஆரம்பி: இந்தப் பிக்சல் ரோவருக்கு எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கே? அதிலிருந்து திசைக்கோணம், தூரம். தூரத்திலிருந்து இறக்கக்கோணம். அந்த இரண்டு கோணத்துக்கும் பனோரமாவில் என்ன நிறம் இருக்கிறதோ அதை எடுத்து வை. பைத்தானில் நம்பை (NumPy) நூலகமும் ஓப்பன்சிவி நூலகத்தின் ரீமேப்பும் இருந்தால் இருபது வரிக்குள் முடியும்.

---

சங்கிலிக்காரர் · #3

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கோள் அறிவியல் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு புள்ளியில் நின்று சுற்றிலும் பார்த்து பிளான் போடுவது என் தொழில். அதனால் ஒன்று சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் செய்கிற படத்தில் திசை பொய் சொல்லாது, தூரம்தான் பொய் சொல்லும். ஒரு கல் வடகிழக்கில் தெரிந்தால் அது வடகிழக்கில்தான் இருக்கிறது, நிலம் மேடானாலும் பள்ளமானாலும் அது மாறாது. தூரமோ "நிலம் மட்டமாக இருக்கிறது" என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வரைபடத்தில் 20 மீட்டரில் விழும் ஒரு புள்ளி. அந்தப் பக்கம் நிலம் வெறும் 2° மேல்நோக்கி ஏறினால் அது நிஜத்தில் 13.7 மீட்டரில் இருக்கும். அதே 2° கீழ்நோக்கி இறங்கினால் 37 மீட்டரில் இருக்கும். கண்ணால் பார்த்தால் 2° சரிவு மட்டமாகத்தான் தெரியும்.

நிமிர்ந்து நிற்கிற பொருளுக்கு என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் தரையில் ஒரு சொம்பை வைத்து, கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூல் மேல் விளக்கை ஏற்றுங்கள். விளக்கு இருக்கிற இடம்தான் கேமரா. சொம்பின் நிழல் தரையில் எங்கே எவ்வளவு நீளத்துக்கு விழுகிறதோ, அந்த இடம் முழுக்க உங்கள் வரைபடத்தில் சொம்பின் படம் இழுபட்டுக் கிடக்கும். அதற்கு அடியில் உள்ள தரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை மீட்டர் உயரக் கேமராவுக்கு, 10 மீட்டரில் உள்ள 30 செ.மீ. கல் இரண்டரை மீட்டர் நீள வாலாக விழும். 20 மீட்டரில் அதே கல்லுக்கு 5 மீட்டர் வால்.

---

கல்மேடு · #4

ஐயா சொன்ன விளக்கு உதாரணம் அப்படியே பொருந்துகிறது. செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் ஸ்பிரிட் ரோவர் எடுத்த பனோரமாவில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். அது கல் நிறைந்த இடம். ஒவ்வொரு கல்லும் மையத்திலிருந்து வெளியே நீண்டு, படமே சூரியகாந்திப் பூ மாதிரி இதழ் விரித்து நின்றது. மெரிடியானியில் கல் அபூர்வம், நிலமும் மட்டம். முதல் முயற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனாலும் எனக்கு இந்த வேலையின் பேரிலேயே ஒரு சந்தேகம் உண்டு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

---

செம்மண்புழுதி · #5

அக்கா, நீங்கள் சொன்னபடி எழுதி ஓட்டினேன். வளைவு போய்விட்டது! அலைகள் நேர்க்கோடாக வந்துவிட்டன. இந்த முறை பான்கேம் பனோரமாவை விட்டுவிட்டு ரோவரின் வழிகாட்டும் கேமராவான நேவ்கேமின் ஃப்ரேம்களை நானே ஒட்டிச் செய்தேன். ஆனால் புதுச் சிக்கல் ஒன்று. கோடுகள் நேராக இருக்கின்றன, இணையாக இல்லை. தெற்குப் பக்கம் போகப் போக ஒன்றை ஒன்று நெருங்குகின்றன, ரயில் தண்டவாளத்தை நின்று பார்க்கிற மாதிரி. வடக்குப் பக்கம் விசிறியாக விரிகின்றன.

---

பைத்தான்பிரியா · #6

நல்ல அறிகுறி இது. காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது.

கேமராவின் சாய்வைத் தப்பாக எடுத்துக்கொண்டால், ஒரு தளத்தின் மேல் இன்னொரு தளத்தைப் போட்டுப் பார்ப்பது மாதிரிதான் படம் மாறும். நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும், இணைத்தன்மை மட்டும் போய்விடும். உனக்கு வந்திருப்பது அதேதான். தொடுவானக் கோட்டைச் சுற்றிலும் ஒரே அளவு ஏற்றியோ இறக்கியோ வைத்துவிட்டால் கோடுகள் வளையும். கேமரா உயரத்தைத் தப்பாகக் கொடுத்தால் கோணம் எதுவும் கெடாது, மொத்தப் படமும் பெரிதாகும் அல்லது சிறிதாகும், அவ்வளவுதான். மூன்றும் சரியாக இருந்தும் கோடு நெளிந்தால்தான் நிலம் மட்டமில்லை என்று முடிவுக்கு வரலாம். இந்த வரிசையில் பார்க்காமல் நேராக நிலத்தின் மேல் பழி போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாய்வு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், 1° தப்பினால் 10 மீட்டர் தூரத்தில் 1.2 மீட்டர் பிசகும். 30 மீட்டரில் பத்து மீட்டருக்கு மேல் பிசகும்.

உன் ஒட்டுப் பனோரமாவில் தொடுவானத்தை மட்டும் பார். நேர்க்கோடாக இல்லாமல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் அலையாக இருக்கும். ரோவர் சாய்ந்து நின்றதால் வந்தது. அந்த அலையின் உச்சி எந்தத் திசையில், எவ்வளவு உயரம் என்று பார்த்தால் சாய்வின் அளவும் திசையும் கையில் வந்துவிடும். செவ்வாயின் ஆரம் 3390 கி.மீ. என்பதால், 1.5 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் சுமார் 3.2 கி.மீ. தள்ளி இருக்கும், நிஜமான மட்டத்தைவிட 0.05° மட்டுமே கீழே. நேவ்கேமில் அது கிட்டத்தட்ட ஒரு பிக்சல். மெரிடியானியில் தொடுவானத்தையே ரசமட்டமாக நம்பலாம்.

எல்லா இடத்துக்கும் இது ஓடாது. கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ரோவர் நிற்கிற இடத்தில் சுற்றிலும் பள்ளத்தின் விளிம்பு, ஒரு பக்கம் 5 கி.மீ. உயர ஷார்ப் மலை. அங்கே தொடுவானம் என்று எதைச் சொல்வது? அங்கெல்லாம் ஒவ்வொரு படக் கோப்போடும் வரும் விவரக் குறிப்பில், அதாவது லேபிளில், எழுதியிருக்கும் ரோவரின் குவாட்டர்னியனை (ரோவர் எப்படித் திரும்பிச் சாய்ந்து நிற்கிறது என்று சொல்லும் நான்கு எண்கள்) எடுத்துத் திருப்ப வேண்டும். எக்ஸ் வடக்கு, ஒய் கிழக்கு, இசட் கீழே. இசட் கீழ்நோக்கி என்பதை மறந்து ஒரு வாரம் தலைகீழ்ப் படத்தோடு போராடியவர்கள் இந்த இழையிலேயே இருக்கலாம்.

---

கல்மேடு · #7

என் சந்தேகம் இதுதான். மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் 2006இல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதன் ஹைரைஸ் கேமரா ஒரு பிக்சலுக்கு 25 முதல் 30 செ.மீ. அளவில் எடுக்கிறது. நிஜமாகவே மேலிருந்து எடுத்தது, எந்த நம்பிக்கையின் மேலும் நிற்காதது. விக்டோரியா பள்ளத்தின் விளிம்பில் ஆப்பர்ச்சூனிட்டி நின்றதை 2006 அக்டோபர் 3ஆம் தேதிப் படத்தில் ரோவராகவே பார்க்க முடிந்தது, மாஸ்ட்டின் நிழல்கூடத் தெரிந்தது. அப்படி ஒன்று இருக்கும்போது தரையில் நின்று எடுத்த படத்தை இழுத்து நீட்டி ஏன் வரைபடம் செய்ய வேண்டும்? 100 மீட்டர் வரைக்கும் இழுத்து, பஞ்சுமிட்டாய் மாதிரி ஆன படத்தை "வரைபடம்" என்று போடுகிறார்கள். பார்க்கிறவர் அதை நம்பிவிடுவார். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

---

பைத்தான்பிரியா · #8

உறுத்துவது நியாயம்தான். ஆனால் எவ்வளவு தூரம் வரைக்கும் தரைப் படம் சிறந்தது, எதற்குப் பிறகு ஹைரைஸ் சிறந்தது என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்கிட்டு விடலாம்.

நேவ்கேமின் ஒரு பிக்சல் 0.82 மில்லிரேடியன். தரையில் அது குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே ஒரு அளவு. குறுக்கே 10 மீட்டரில் 8 மி.மீ.தான். நெடுக்கே, அதாவது ரோவரிலிருந்து வெளிநோக்கி, 5.6 செ.மீ. தூரம் கூடக் கூட குறுக்களவு நேராகக் கூடும், நெட்டளவு தூரத்தின் வர்க்கமாகக் கூடும். 30 மீட்டரில் குறுக்கே 2.5 செ.மீ., நெடுக்கே அரை மீட்டர். பஞ்சுமிட்டாய் வருவது இதனால்தான்.

நெட்டளவு ஹைரைஸ் பிக்சலைத் தொடும் தூரம்தான் எல்லை. நேவ்கேமுக்கு அது சுமார் 22 மீட்டர். பான்கேமின் பிக்சல் 0.27 மில்லிரேடியன் என்பதால் அதற்கு 40 மீட்டர் வரை போகும். அதற்கு உள்ளே தரைப் படத்தை எந்தச் சுற்றுக்கலனும் தொட முடியாது. 5 மீட்டருக்குள் மணலின் மேல் உள்ள சிறு சிறு வரிகளே தனித்தனியாக வரைபடத்தில் வரும், ஹைரைஸில் அந்த இடம் முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

அதனால் என் பதில்: 22 மீட்டரில் வட்டம் போட்டு வெட்டு. வெளியே ஹைரைஸை வை.

---

கல்மேடு · #9

வெட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உள்ளேயும் ஐயா சொன்ன நிழல் இருக்கிறது. அலைகளுக்குப் பின்னால் தெரியாத தரையில் முன்னால் இருக்கிற அலையின் மணலையே இழுத்து நிரப்பியிருக்கிறது நிரல். அது தரை இல்லை. இரண்டு கேமராக் கண்ணால் ஒரே இடத்தைப் பார்த்து ஆழத்தைக் கணக்கிடும் ஸ்டீரியோ இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் மட்டம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேவ்கேமில் இரண்டு கண்ணுக்கும் 20 செ.மீ. இடைவெளி, பான்கேமில் 30. ஒவ்வொரு பிக்சலுக்கும் நிஜமான எக்ஸ், ஒய், இசட் கிடைக்கும்.

---

சங்கிலிக்காரர் · #10

ஸ்டீரியோவுக்கும் அதே நோய் உண்டு, மறந்துவிட வேண்டாம். அடிக்கோடு, அதாவது இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி, 20 செ.மீ. என்றால் எங்கள் தொழிலில் அது அடிக்கோடே இல்லை. பொருத்தத்தில் கால் பிக்சல் தவறினால் நேவ்கேமில் 10 மீட்டரில் 10 செ.மீ. தப்பு, 30 மீட்டரில் 90 செ.மீ. தப்பு. இதுவும் தூரத்தின் வர்க்கமாகத்தான் வளர்கிறது. பான்கேமில் 30 மீட்டரில் 20 செ.மீ.யோடு நிற்கும்.

அடிக்கோட்டை நீட்ட ஒரே வழி, கேமராவையே நகர்த்துவது. ரோவர் இரண்டு இடத்தில் நின்று ஒரே இடத்தைப் பார்த்தால், ரோவரின் நகர்வே அடிக்கோடு. நான் முதலில் சொன்ன "திசை பொய் சொல்லாது" என்பதன் பயன் அங்கேதான் இருக்கிறது. 1997 ஜூலையில் பாத்ஃபைண்டர் கலன் செவ்வாயில் இறங்கிய இடத்தைக் கண்டுபிடித்ததும் இந்த முறையில்தான் என்று படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தொடுவானத்தில் தெரிந்த இரட்டைக் குன்றும் மற்ற மேடுகளும் எந்தெந்தத் திசையில் என்று அளந்து, அவற்றைப் பழைய வைக்கிங் சுற்றுக்கலன் படங்களில் தேடிப் பிடித்து, அந்தத் திசைகள் எல்லாம் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கலன் நிற்கும் இடம் என்று குறித்தார்கள். பிளேன் டேபிள் என்ற அளவைப் பலகையில், ஏற்கெனவே இடம் தெரிந்த மூன்று புள்ளிகளைப் பார்த்து நம் இடத்தைக் குறிப்போமே, அதே வேலை. நான் அதை வயல் வரப்பில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

தெரியாத தரையைப் பற்றிக் கல்மேடு சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். தெரியாததை வெள்ளையாக விடுங்கள். பார்க்காத இடத்தில் கோடு போட்ட புல வரைபடம் கோர்ட்டுக்குப் போனால் நிற்காது.

---

நிலாப்பைத்தியம் · #11

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். பிரக்யானுக்கு இதைச் செய்ய முடியுமா? சந்திரயான்-3 அன்றைக்கு இறங்கியதிலிருந்து ஆசை.

---

பைத்தான்பிரியா · #12

சுற்று முழுக்க முடியாது. பிரக்யானில் உயர்ந்து நின்று சுழலும் மாஸ்ட் கேமரா கிடையாது, முன்பக்கம் பொருத்திய ஒரு ஜோடி நேவ்கேம்தான். ஸ்டீரியோவாக ஒரு முன்பக்க விசிறிக்கு மட்டும் வரைபடம் வரும். அந்த ஜோடிப் படத்திலிருந்து பூமியில் இருந்த குழு உயர வரைபடம் செய்துதான் ஒவ்வொரு முறையும் வழி குறித்தது, ஒரு தடவைக்கு 5 மீட்டர் வரைக்கும்தான் செய்ய முடிந்தது. கேமரா தாழ்வாக இருந்தால் பார்வை குறுகிவிடும், இந்த இழையில் பேசுகிற அதே கணக்கு. 2023 ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை 3 மீட்டர் முன்னால் வரும்போதுதான் கண்டு வழியைத் திருப்பினார்கள். தாழ்ந்த கேமராவுக்கு அது சரியான நேரத்தில் கண்டதுதான்.

---

செம்மண்புழுதி · #13

எல்லாருக்கும் நன்றி. சாய்வைத் திருத்திவிட்டேன், அலைகள் இணையாக வந்துவிட்டன. 22 மீட்டரில் வெட்டிவிட்டேன். வெளியே ஹைரைஸ். ராத்திரி ஒரு மணிக்கு முதல் முறை இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்ததைப் பார்த்தபோது வீட்டில் யாரையாவது எழுப்பிக் காட்ட வேண்டும் போல இருந்தது.

இன்னும் இரண்டு குறை. ஒன்று, ரோவருக்குப் பக்கத்தில், 3, 4 மீட்டருக்குள், ஃப்ரேமும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் மணல் வரிகள் விட்டுவிட்டு நிற்கின்றன. தொலைவில் சரியாகச் சேர்கின்றன. இரண்டு, என் அலைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி எல்லாத் திசையிலும் ஹைரைஸைவிடச் சின்னதாக வருகிறது.

---

பைத்தான்பிரியா · #14

முதல் குறை ஒட்டும் மென்பொருளால் வருவது. பனோரமா ஒட்டுகிற எதுவுமே கேமரா ஒரே புள்ளியில் நின்று சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளும். இங்கே அப்படி இல்லை. இடக்கண்ணும் வலக்கண்ணும் மாஸ்ட்டின் அச்சுக்கு இரு புறமும் தள்ளி இருக்கின்றன. மாஸ்ட் திரும்பும்போது ஒவ்வொரு கண்ணும் ஒரு சின்ன வட்டத்தில் நகர்கிறது. பான்கேமில் ஒரு கண் அச்சிலிருந்து 15 செ.மீ. 14° திரும்பினால் கண் மூன்றரை செ.மீ.க்கு மேல் இடம் மாறிவிடும். தொலைவில் அது ஒன்றுமில்லை. 3 மீட்டரில் உள்ள மணலில் அது பல பிக்சல் பிசகு.

ஆகவே ஒட்டவே ஒட்டாதே. ஒவ்வொரு ஃப்ரேமையும் அதன் சொந்தக் கேமரா இடத்திலிருந்து நேராகத் தரையில் இறக்கு. வரைபடத்திலேயே அவை சேரட்டும். லேபிளில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சி, ஏ, எச், வி, ஓ, ஆர் என்று ஆறு திசையன் எழுதியிருக்கும். சி கேமரா இருக்கும் இடம், ஏ பார்க்கும் திசை, எச்சும் வியும் படத்தின் கிடையும் நிலையும், ஓவும் ஆரும் லென்ஸ் திரிபு. தரைப் புள்ளியிலிருந்து சியைக் கழி, ஏயோடு புள்ளிப் பெருக்கம், எச்சோடு புள்ளிப் பெருக்கம், எச்சோடு வந்ததை ஏயோடு வந்ததால் வகு, வியோடும் அப்படியே; பிக்சல் எண் வந்துவிடும். திரிபை மட்டும் அதற்கு முன்னால் திருத்திக்கொள். இணையத்தில் அன்றாடம் போடும் சின்னப் படங்களில் இந்த லேபிள் இருக்காது. நாசாவின் கோள் தரவுக் காப்பகமான பிளானட்டரி டேட்டா சிஸ்டத்தில் உள்ள மூலக் கோப்புகளை எடு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அனலிஸ்ட்ஸ் நோட்புக்கில் நாள் வாரியாகத் தேடலாம்.

இப்படிச் செய்தால் இன்னொரு லாபம். தரை நீ நினைத்த உயரத்தில் இருந்தால் ஃப்ரேம்கள் தானாகச் சேரும். சேரவில்லை என்றால் அந்த இடத்தில் தரை வேறு உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த விலகலைத் தேய்த்து மறைத்துவிடாதே.

இரண்டாவது குறையை ஐயாவுக்கு விடுகிறேன்.

---

சங்கிலிக்காரர் · #15

எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் கருவியின் உயரம் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். கருவி உயரத்தைத் தப்பாக எழுதிக்கொண்டு போய் மறுநாள் முழுக்க வேலையைத் திரும்பச் செய்தவன் நான், அதனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

1.5 மீட்டர் என்பது சக்கரம் நிற்கும் தரையிலிருந்து. இந்த ரோவர் எங்கே நிற்கிறது? ஓர் அலையின் மேல். சுற்றியுள்ள தாழ்ந்த தரை அதைவிட 30 செ.மீ. வரை கீழே இருக்கும். அதே சமயம் சக்கரம் மணலில் புதைந்திருக்கிறது, அந்த அளவு கேமராவும் இறங்கியிருக்கும். கூட்டிக் கழித்தால் தாழ்ந்த தரையிலிருந்து கேமரா ஒன்றரைக்கு மேல், ஒன்று எண்பதுக்குக் கீழ். எவ்வளவு என்று படத்திலேயே அளக்கலாம். ரோவர் வந்த தடம் பின்னால் தெரிகிறதல்லவா? இடது சக்கரத் தடத்துக்கும் வலது சக்கரத் தடத்துக்கும் உள்ள இடைவெளி ரோவரின் அளவு, அது மாறாது. வரைபடத்தில் அந்த இடைவெளி நிஜ அளவுக்கு வரும் வரை உயரத்தை மாற்றுங்கள்.

---

கல்மேடு · #16

இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. கியூரியாசிட்டியின் சக்கரத்தில் ஜே.பி.எல். என்ற எழுத்துகள் மோர்ஸ் குறியில் ஓட்டைகளாக வெட்டியிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மணலில் அந்தக் குறி பதியும். சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ., ஆகவே வழுக்காமல் ஓடினால் 1.57 மீட்டருக்கு ஒரு குறி. ரோவர் தன் நகர்வைப் படத்தில் பார்த்து அளக்கவே அதை வைத்தார்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அந்தக் குறிகள் சமதூரத்தில் விழுந்தால் நம் தூரக் கணக்கு நெடுக்கேயும் சரி. தடத்தின் அகலம் குறுக்களவை மட்டும் சோதிக்கும், இது நெட்டளவைச் சோதிக்கும். கேல் பள்ளத்தில் முயற்சி செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இழை ஆரம்பித்தபோது இருந்த எதிர்ப்பு இப்போது எனக்கு இல்லை. தெரியாத இடத்தை வெள்ளையாக விட்டு, வெட்டிய வட்டத்தையும் படத்தில் காட்டினால் நானே இதை அச்சடித்துச் சுவரில் மாட்டுவேன்.

---

செம்மண்புழுதி · #17

ஃப்ரேம் ஃப்ரேமாக இறக்கிவிட்டேன். பக்கத்து மணல் வரிகள் பெரும்பாலும் சேர்ந்துவிட்டன. தடத்தை வைத்து உயரத்தையும் திருத்தினேன், இப்போது 22 மீட்டர் வட்டத்தின் ஓரத்தில் உள்ள அலைகள் ஹைரைஸ் அலைகளோடு கோட்டுக்குக் கோடு சேர்கின்றன. அலைகளுக்குப் பின்னால் தெரியாத இடங்களை வெள்ளையாக விட்டேன். ஓரத்தில் நிறைய வெள்ளை. 20 மீட்டர் தள்ளி 10 செ.மீ. உயர அலைக்கே ஒன்றரை மீட்டர் மறைகிறது. நடுவில் சோலார் பேனல் மறைத்த இடமும் வெள்ளை.

முதலில் அசிங்கமாகத் தெரிந்தது. இப்போது அந்த வெள்ளையைப் பார்த்தாலே ரோவர் எங்கே நின்று, எந்த உயரத்தில் இருந்து பார்த்தது என்று புரிகிறது.

ஒரே ஓர் இடம் மட்டும் உறுத்துகிறது. தடத்தின் இடைவெளி பின்னால் முழுக்க ஒரே அளவு. ரோவரை நெருங்கும் கடைசிக் கொஞ்ச தூரத்தில் மட்டும் இரண்டு கோடும் உள்பக்கமாக ஒடுங்குகின்றன. அங்கே ஃப்ரேம்களும் சரியாகச் சேரவில்லை. சாய்வு, உயரம் எல்லாம் மறுபடி பார்த்துவிட்டேன்.

---

சங்கிலிக்காரர் · #18

அது தப்பு இல்லை தம்பி, திருத்தாதீர்கள். தளத்துக்கு மேலே இருக்கும் பொருள் வெளியே தள்ளி விழும் என்றால், தளத்துக்குக் கீழே இருக்கும் பொருள் உங்கள் பக்கமாக இழுபட்டு விழும். அந்தக் கடைசித் தூரத்தில்தான் சக்கரம் சுழன்று சுழன்று மணலுக்குள் இறங்கியது. நீங்கள் பார்ப்பது குழியின் அடி. அதனால் இரண்டு கோடும் கேமராவை நோக்கி உள்வாங்குகின்றன.

ஒடுங்கிய அளவை எடுங்கள். உயரம் 1.5 மீட்டர் என்று வைத்து, இடைவெளி நூற்றுக்கு 8 பங்கு குறைந்திருந்தால் குழி சுமார் 13 செ.மீ. ஆழம். உங்கள் உயரத்தைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள், ஒரு மீட்டருக்கு ஒரு அளவு.

---

செம்மண்புழுதி · #19

ஐயா, இப்போதே அளக்கிறேன். ரோவரின் மேல்தளம் மறைக்காத முதல் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அளவுகளைக் காலையில் இங்கே போடுகிறேன்.